தாலியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

ரப்பர் கையுறையின் வாயை இரண்டு சுற்றுச் சுருட்டி, உள்ளே அகப்பட்ட காற்றைக் கன்னத்தருகே வைத்து அமுக்கிப் பார்க்கிறாள் சோனியா. எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் சில்லென்று படும். படவில்லை. அடுத்து இன்னொரு கையுறை. அதற்குள் கார்க்காரர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. பலூன் விளையாடவா புதுவாயலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாய் என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். சோனியாவுக்குக் கோபம் வரவில்லை. "எனுக்கு ரெண்டு பசங்க கீதுங்க சார். நான் முழுசா ஊட்டுக்குப் போவணும்" என்றாள். சொல்லிவிட்டு அவர் கன்னத்தருகிலும் வைத்து ஒரு தடவை அமுக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு அவர் தள்ளியே நின்றார்.

புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு பேட்டரிப் பட்டறையில் அவளுக்கு வேலை. பெட்ரோலிலும் கரண்டிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார்கள் சில சமயம் மஞ்சள் விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டிவிட்டு வீட்டு வாசலிலேயே படுத்துவிடும். அவற்றைத் தேடிக்கொண்டு ஸ்கூட்டரில் போவது சோனியாவின் பங்கு. அதற்கு முன்பு கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் பேட்டரி பூட்டும் கம்பெனி ஒன்றில் வருடக்கணக்காக நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். அந்த லைனில் உட்கார நாற்காலி கிடையாது. அதனாலோ என்னவோ, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காரின் பின்சீட்டில் ஏறி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். நான்கு கதவையும் சாத்தி, ஏசியை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்வாள். பார்ப்பவர்களுக்குத் தூங்குகிறாள் என்று தோன்றும். பேட்டரியைக் குளிர வைக்கும் மின்விசிறி பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கருவி இல்லாமல் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகுகிற சிறிய ஸ்கேனர் ஒன்று, அது சொல்வதைக் காட்டும் கைபேசி, மல்டிமீட்டர், பெயின்ட் பிரஷ் எல்லாம் பையில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே டிபன் டப்பா. நாஷ்டாவோ மதியச் சாப்பாடோ, வயிற்றுக்குள் ஏதாவது போட்டுக்கொள்ளாமல் எந்த பேட்டரியையும் திறக்க மாட்டாள். பசித்த கை நடுங்கும் என்பது அவள் கட்சி. கார்க்காரர் அவசரப்படுத்தினால் லெமன் சாதத்தில் ஒரு கவளம் அவருக்கும் நீட்டுவாள்.

இதுவரை எல்லாம் சரி. இதற்கு மேல்தான் வீட்டுக்காரர்கள் முகம் மாறும். பேட்டரி மூடியைத் திறக்கும் முன் வளையல், மோதிரம், கம்மல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். கடைசியில் தாலிச் சங்கிலியையும் கழற்றுவாள்.

கம்பெனியில் இது ஒரு விஷயமே இல்லை. உடம்பில் பொட்டு உலோகம் இல்லாமல்தான் லைனுக்குள் விடுவார்கள். பெண்கள் எல்லாரும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். இன்னொரு சட்டமும் அங்கே உண்டு. பெரிய கரண்டில் கை வைப்பவர் தனியாக இருக்கக் கூடாது, துணைக்கு ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். வீட்டு வாசலில் துணைக்கு எங்கே போவது? நிற்கிறேன் என்று சொல்லுகிறவர்கள் குக்கர் விசில் அடித்ததும் உள்ளே போய்விடுவார்கள். போன் வந்தால் தெருக்கோடிக்கே போய்விடுவார்கள். ஒருநாள் கழற்றிய தாலியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்தாள் சோனியா. அன்று குக்கர் கத்தித் தீர்த்தது. அந்தப் பெண் ஓர் அடி நகரவில்லை. சோனியாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து தாலி அவள் பைக்குள் போவதே இல்லை, யாராவது ஒருத்தி கையில்தான் போகிறது.

அவள் கணவன் விமல் இரும்பு உருக்காலையில் வேலை செய்கிறவன். முதலில் இதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்த கையோடு, சங்கிலியின் சின்னக் கொக்கியை எடுத்துவிட்டு ஒரே இழுப்பில் கழலும்படி பெரிய கொக்கி வைத்துக் கொண்டுவந்தான். "கழட்டாம வுட்டு கரண்ட்டுல மாட்டிக்கினியானா, அப்புறம் அந்தத் தாலிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் விமல் பேசிய பேச்சுகளில் சோனியாவுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

போன வெள்ளிக்கிழமை மணவாள நகர் தாண்டி ஒரு கிராமத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சுற்றிலும் நெல் வயல் வைத்திருக்கிற சுப்பிரமணியின் வீடு. கூப்பிட்டது அவருடைய மனைவி ஜோதிலட்சுமி. பழைய ஹைபிரிட் கார் ஒன்றை சுப்பிரமணி வாங்கி வந்தபோது, கிளட்ச் இல்லாத வண்டியை ஓட்டி அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஜோதிலட்சுமி அதைக் களத்துமேட்டில் வட்டமடித்து வட்டமடித்தே ஓட்டப் பழகிக்கொண்டாள். இப்போது திருவள்ளூர் உரக்கடைக்கும் அவள்தான், கோயிலுக்கும் அவள்தான், மணவாள நகரில் தங்கை வீட்டுக்கும் அவள்தான். அந்த வண்டியில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பேட்டரி போச்சு என்று சுப்பிரமணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதைக் கொடுத்துவிட்டு கிளட்ச் வைத்த ஜீப் ஒன்றை எடுக்கிறாராம். சாயங்காலம் புரோக்கர் வருகிறார். ஜீப் வந்தால் ஜோதிலட்சுமி பழையபடி பின்னால் போய் உட்கார வேண்டியதுதான். "அந்த ஆள் வர்றதுக்குள்ள பார்த்துச் சொல்லும்மா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

சோனியா சாப்பிட்டாள். பின்சீட்டில் போய்ச் சாய்ந்தாள். மின்விசிறி காட்டுத்தனமாக இரைந்தது, ஆனால் சல்லடை போலிருந்த காற்று வழியில் கையை வைத்தால் காற்றே இழுக்கவில்லை. மோந்து பார்த்தாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். அம்மா முத்தம்மா அறுப்பு நாட்களில் வீட்டுக்குக் கொண்டுவந்த வாசனை. ஸ்கேனர் சொன்ன கணக்கும் அதையொட்டியே இருந்தது. பேட்டரியின் எல்லாக் கட்டங்களிலும் வோல்டேஜ் சமமாக இருந்தது, சூடு மட்டும் எக்கச்சக்கம்.

"பேட்டரி சாவலக்கா. மூச்சு முட்டிக்கினு கீதுன்னு தோணுது. தொறந்து பார்த்தாதான் சொல்ல முடியும்."

வளையலைக் கழற்றினாள், கம்மலைக் கழற்றினாள். கை கழுத்துக்குப் போனதும் ஜோதிலட்சுமி பின்வாங்கினாள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா, என் ஊட்டு வாசல்ல நின்னுக்கினு தாலி கழட்டுறியேம்மா" என்றாள். கழற்றாமல் செய்ய முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றாள் சோனியா. வேண்டாமென்றால் இப்படியே மூடிவிட்டுப் போகிறேன், குறைச்சல் ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். ஜோதிலட்சுமி தெருவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஓர் எவர்சில்வர் தட்டோடு வந்து, இதில் வை என்று நீட்டினாள்.

தட்டு எதற்கு என்று சோனியாவுக்குப் புரியாமல் இல்லை. கழற்றிய தாலியைத் தொட பயமாக இருக்கலாம். முத்தம்மாவைப் போன்றவர்கள் நாற்று நட்ட வயல்கள் இவை. அந்தக் காலத்தில் கூலியைக்கூடக் கையில் தராமல் தரையில் வைத்த வீடுகள் உண்டு, அந்தப் பழக்கத்தின் மிச்சமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நெஞ்சுக்குள் கொஞ்சம் வலித்தது. வலித்ததைக் காட்டிக்கொள்ளாமல் தன் பாணியிலேயே பேசினாள்.

"தட்டுல வெச்சா தட்ட கீழ வெச்சிட்டு நீங்க போய்டுவீங்கக்கா. கையில பிடிங்க. எனுக்குத் துணைன்னு இங்க நீங்க ஒருத்தர்தான் கீறீங்க."

ஜோதிலட்சுமி தட்டைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். சர்ச்சில் கட்டிய, புறா பொறித்த சின்னத் தாலி சங்கிலியோடு அதில் இறங்கியது. விரல்கள் மூடிக்கொண்டன. சோனியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். உட்காரப் போன ஜோதிலட்சுமியைத் தடுத்து, நாற்காலி உட்கார இல்லை என்றாள். கரண்ட் அடித்துத் தான் விறைத்து நின்றால் கையால் தொடக் கூடாது, நாற்காலியால் இடித்துத் தள்ள வேண்டும். ஜோதிலட்சுமி ஒரு கையில் தாலியும் மறு கையில் நாற்காலியுமாக நின்றாள். மாட்டை விரட்ட நிற்பவளைப் போல் இருந்தது. சோனியாவுக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கவில்லை. அந்த நிலையில் நிற்கிறவர்களைப் பார்த்து அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

கையுறையை மாட்டிக்கொண்டு, பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கிற ஆரஞ்சு நிறச் செருகியை உருவித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே தங்கிய கரண்ட் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விசிறிக் கூட்டைத் திறந்தாள். உள்ளே கொத்துக் கொத்தாகப் பதரும் உமித் தூசியும். விசிறியின் பற்களே தெரியவில்லை. அள்ளி அள்ளிக் கீழே போட, வாசலில் சின்னக் குவியலாகச் சேர்ந்தது.

சத்தம் கேட்டு சுப்பிரமணி வெளியே வந்தார். விதைக்கிற சமயத்தில் டிராக்டர் பழுதாகிவிட்டதென்று விதைநெல் மூட்டைகளைக் காரின் பின்சீட்டில் போட்டு ஏற்றி வந்தவர் அவர்தான். ஒரு நடை இல்லை, பல நடை. ஜோதிலட்சுமி அவரையே பார்த்தாள். அவர் குனிந்து குவியலிலிருந்து ஒரு மணியைப் பொறுக்கி, பல்லில் வைத்துக் கடித்தார். "நம்ம வெதநெல்லுதான்" என்று யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிரஷால் துடைத்து, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, செருகியைப் போட்டு, ஸ்கேனரால் சிவப்பு விளக்கை அணைத்தாள் சோனியா. ஆனால் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை. ஓட்டிச் சூடேற்றிப் பார்க்காமல் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து வாங்க முடியாது. "நீங்களே ஓட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கைபேசியோடு பக்கத்து சீட்டில் ஏறினாள்.

ஏரிக்கரைச் சாலையில் கார் சத்தமில்லாமல் போனது. ஜோதிலட்சுமி நன்றாக ஓட்டினாள். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய விதத்திலேயே தெரிந்தது. சோனியா கைபேசியில் பேட்டரியின் சூடு அளவோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்தவள், தற்செயலாக ஸ்டியரிங்கைப் பார்த்தாள். ஒரு கை விரித்துப் பிடித்திருந்தது. மற்றொரு கை முஷ்டியாகவே மேலே இருந்தது. விரலிடுக்கில் சங்கிலி கொஞ்சம் தொங்கியது. வேலை எப்போதோ முடிந்துவிட்டது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம்தான். சோனியா கேட்கவில்லை.

மதகு தாண்டித் திரும்பி வரும்வரை சிவப்பு விளக்கு எரியவில்லை. "இனிமே சரிக்கா. பின்சீட்டுல மூட்ட மட்டும் போடாதீங்க" என்றாள்.

ஜோதிலட்சுமி வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினாள். "அந்த ஆள வர வோணாம்னு சொல்லிடுறேன்" என்றாள். பிறகுதான் முஷ்டியைத் திறந்தாள். உள்ளங்கையில் புறா அப்படியே பதிந்திருந்தது. வேர்வை பட்ட தாலியை முந்தானையால் துடைத்தாள். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, சோனியாவிடம் நீட்டினாள்.