சாவியும் சாமி விளக்கும்

எங்கள் கார் ஓடிக் கெட்டதில்லை, நின்றே கெட்டது. இரண்டு மூன்று நாள் ஷெட்டில் நின்றால் போதும், சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அதற்குப்பின் சத்தமே இருக்காது. பேட்டரி இறங்கியிருக்கும்.

அறுபதுகளின் கடைசி அது. திருப்பூரில் அப்பாவுக்குச் சின்ன பனியன் கம்பெனி. நூல் கிடைக்காமல் பாதி மிஷின்கள் தூங்கின. அதற்கு முன்பெல்லாம் தினமும் கோயமுத்தூர் போய்வந்த கார், போக வேலையில்லாமல் ஷெட்டில் கிடந்தது. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு. மூச்சு முட்டினால் உடனே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், தாமதித்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கையில் இருந்தபடி அம்மா என்னிடம் கேட்பாள், “வண்டி கெளம்புமா கண்ணு?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பவில்லை. கம்பெனி லீவு, டிரைவரும் வரவில்லை, தள்ள ஆளில்லை. அப்பா காரின் முன்னால் இன்ஜினைச் சுழற்றும் கைப்பிடியைச் செருகிச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோனார். பின்சீட்டில் அம்மாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நான் தெருவில் இறங்கிக் கத்தினேன். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். அன்றைக்கு அம்மா பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

அதற்குப்பின் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். டிரைவர்தான் லைட்டை அணைக்காமல் போகிறார் என்று அப்பா அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர் போன பிறகும் பேட்டரி இறங்கியது. அவரைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் குடும்பத்தில் அதெல்லாம் தோன்றாது. கண்ணேறு என்றார்கள் சொந்தக்காரர்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பழம் நசுங்கியதுதான் மிச்சம். புது பேட்டரி வாங்கினோம், அதுவும் இறங்கியது.

கடைசியில் கார் எலெக்ட்ரீஷியன் ஒருவரை அப்பா வீட்டுக்கே வரவழைத்தார். அவர் பேட்டரியில் ஒரு வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை வைத்தார். சாவி அப்பாவின் சட்டைப்பையில். ஹெட்லைட், ஹாரன், எதுவும் போடவில்லை. ஆனாலும் பல்பு மங்கலாக எரிந்தது.

“ஏதோ ஒண்ணு கரண்ட குடிச்சுட்டே இருக்குதுங்க மொதலாளி,” என்றார்.

ஃபியூஸைப் பிடுங்கினார், பல்பு அணையவில்லை. டைனமோ வயரைக் கழற்றினார், அப்போதும் எரிந்தது. நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முருகன் படம், அதன் முன்னால் சிவப்பு விளக்கு. எப்போதும் பளிச்சென்று எரிவது, அன்று சோர்ந்து எரிந்தது. அவர் பல்பை எடுத்துவிட்டு வயரை நேராகப் பேட்டரியில் வைத்ததும் பளிச்சென்றானது. மறுபடி பல்பை வைத்தார், மறுபடி சோர்ந்தது. நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குப் பின்னால் எலெக்ட்ரீஷியனும் எட்டிப் பார்த்தார்.

“சாமி வெளக்குதானுங்க,” என்றார் குரலைத் தாழ்த்தி.

எத்தனை பேர் அந்தக் காரைக் குடைந்தார்கள்! விளக்கை எல்லோரும் பார்த்தார்கள். கும்பிட்டுவிட்டுத்தான் பானட்டையே திறந்தார்கள். கரண்ட் குடிக்கும் சாமான்களில் சாமியையும் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது அம்மாவின் வேண்டுதல். முதல் தடவை மூச்சு முட்டி இந்தக் காரில் போனபோது, அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் அவளுக்கு மூச்சு திரும்பியது. தான் உயிரோடு இருக்கும்வரை அந்த விளக்கு அணையக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். சாவியை எடுத்தாலும் எரியும்படி பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்கச் செய்ததே அப்பாதான். கார் தினமும் ஓடியவரை டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி ஈடுகொடுத்தது.

அப்பா படத்தைக் கும்பிட்டார். பிறகு, “சாவியோட சேத்துக் குடுத்துருப்பா,” என்றார். சாவி போட்டால் எரியும், எடுத்தால் அணையும். அவர் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. உள்ளறையில் படுத்திருந்தவளுக்கு ஷெட் தெரியாது. சாயங்காலமானால், “ஏனுங்க, வெளக்கு எரியுதுங்களா?” என்று கேட்பாள். அப்பாவுக்குப் பொய் வராது. கதவைப் பார்த்தபடி, “எரியுது,” என்பார்.

பங்குனியில் ஒரு காலை மறுபடி மூச்சு முட்டியது. நாற்காலியோடு தூக்கிவந்து பின்சீட்டில் படுக்க வைத்தோம், தலை என் மடியில். அம்மா கண்ணைத் திறந்து முன்னால் பார்த்தாள். படம் இருந்தது, விளக்கு இருண்டிருந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு எரிந்தது, முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்தது. எத்தனை மாதமாக அந்தச் சத்தத்துக்குத் தவித்தோம்!

“ஏனுங்க,” என்றாள் அம்மா. “சாவி போட்டாத்தான் எரியுமுங்களா?”

அப்பா வண்டியை நகர்த்தினார்.

நல்ல வேளைக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். இனிப் பயமில்லை என்றுகூடச் சொன்னார். அம்மாவின் கண்ணில் மட்டும் பயம் போகவில்லை. அப்பா வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவள் ஒன்றைத்தான் கேட்டாள்: “வண்டிய நிறுத்திட்டீங்களா?” நிறுத்தினால் விளக்கும் அணையும். நிறுத்தாமல் எப்படி உள்ளே வருவது? அப்பா ஒருமுறை மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அந்த வாரமே அம்மா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வந்த அன்று, அப்பா காரை ஷெட்டில் விட்டு இன்ஜினை நிறுத்தினார். பிறகு இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, விளக்கு எரிந்ததும் அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். மறுநாள் விளக்கும் அணைந்திருந்தது, பேட்டரியும் இறங்கியிருந்தது. எதனால் இறங்கியது என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.