மல்லிகாவின் முழங்கால் சில்லு

இன்று காலை கொட்டாம்பட்டியில் பஸ் ஏறி, என் ஏழு வயது மகள் மல்லிகாவை மதுரையில் எலும்பு டாக்டரிடம் காட்டினேன்.

நடக்கப் பழகியதிலிருந்தே அடிக்கடி விழுவாள். பராக்குப் பார்த்து நடக்கிறாள் என்று திட்டுவேன். போன வாரம் சீமெண்ணெய் பாட்டிலோடு விழுந்தபோது அடித்தும்விட்டேன்.

டாக்டரம்மா அவள் காலை மெல்ல மடக்கினார். முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவியது. நீட்டியதும் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"பிறவியிலேயே இப்படித்தாங்க. மடக்குறப்பல்லாம் நழுவுது. ஆபரேஷன் பண்ணி, மாவுக்கட்டுப் போட்டுச் சரி பண்ணலாம்" என்றார்.

"இம்புட்டு நாளா ஏன் தாயி சொல்லல?" என்று மகளைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்படித்தான் நழுவும்னு நெனச்சேன்ப்பா. நீங்கள்லாம் விழாம நடக்குறீங்க, எனக்குத்தான் நடக்கத் தெரியலன்னு..."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஆபரேஷன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஊர் வரும்வரை வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட அப்பன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், முதல் வார்த்தையை எப்படி ஆரம்பித்தீர்கள்?