கடைசி ரெய்டுக்கு நான் சொன்ன ஆள்

எங்கள் திருத்தங்கல் கபடி அணிக்குச் சீசனுக்கு ஒரு கோச் வருவார். வருகிறவரெல்லாம், என் கம்பெனியில் லோடு ஏற்றும் நெட்டையனை உட்காரவைத்துவிட்டு வேறு யாரையாவது ரெய்டுக்கு அனுப்புவார். மூன்றாம் வகுப்போடு நின்று, பட்டாசுக் கம்பெனி வைத்தவன் நான். ஆள் பார்க்கத் தெரியாதா எனக்கு? இந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது எழுந்து போய், நெட்டையனை இறக்கும்படி கோச்சிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, உங்க வெடிக்குத் திரி வைக்க நான் சொல்லித் தாரேனா?" என்றார் புதிய கோச்.

"நல்ல வெடிய நமுத்துப்போச்சுன்னு ஒதுக்கி வச்சிருக்கீக. பத்த வச்சுத்தான் பாருங்களேன்."

கடைசி ரெய்டுக்கு நெட்டையனை அனுப்பினார். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோப்பை எங்களுக்கு.

மறுநாள் அணிக் கமிட்டியில் வழக்கம்போல் கோச்சை மாற்றும் பேச்சு வந்தது.

"இவரே இருக்கட்டும்லே. சொன்னாக் கேக்குறாரு" என்றேன்.