வெள்ளைப் பூ வந்த பிறகு

அந்தச் சின்ன இலைப் பொட்டலத்தைப் பிரிக்க, பிள்ளைகளே, உங்கள் அத்தை பட்ட பாடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பூவாக்குக் கேட்கும்போது வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். எடுத்ததில் வெள்ளை இருந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று அர்த்தம். அன்றைக்கு நூல் முடிச்சு அத்தையின் விரலுக்கு அகப்படவே இல்லை. கடைசியில் பாப்பா, உன்னிடம்தான் நீட்டினாள்.

உங்கள் அத்தை, என் அக்கா, எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியவள். இரண்டு கையிலும் அள்ளி அட்டையில் அடுக்குவாள், ஒன்றில்கூட விரிசல் விழாது. மார்பில் வந்த கட்டியை அவள் வெளியே சொன்னபோது நோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது. சேலத்தில் டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். சிலருக்கு வழக்கமான ஒரே மருந்து, சிலருக்கு அதோடு இன்னொன்றும் சேர்த்து இரண்டு மருந்து. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கி எடுக்கும். எது மேல் என்று தெரியாததால்தான் இந்தச் சோதனையே, விருப்பமில்லாவிட்டால் சேர வேண்டியதில்லை என்றார்.

"அப்ப பூக் கேக்கற மாதிரிதானுங்க," என்றாள் அக்கா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

இரண்டு மருந்தும் என்று வந்தது. அக்காவுக்கு அது வெள்ளைப் பூ. பஸ்ஸில் திரும்பும்போது முகமெல்லாம் தெளிச்சி. முடி கொட்டியபோதுகூட, தலை வாருகிற வேலை மிச்சம் என்று என்னிடம் கேலி பேசினாள்.

ஒவ்வொரு முறையும் நர்ஸம்மா வாந்தி உண்டா, கை கால் மதமதப்பு உண்டா என்று கேட்பார். "நல்லாருக்கறனுங்க" என்பதற்கு மேல் அக்கா வாய் திறக்க மாட்டாள். பண்ணையில் முட்டைகள் கை நழுவி உடைய ஆரம்பித்தன. கண் மங்குகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தாள். நானும் நம்பினேன். ஒருநாள் ஆஸ்பத்திரியில் ரவிக்கைக் கொக்கியைப் போட முடியாமல் திணறியதைப் பார்த்துத்தான் நர்ஸம்மா கண்டுபிடித்தார். விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை.

"ஏனுங்கக்கா சொல்லலே?"

"சாமி குடுத்ததுல நொட்டை சொல்லலாமுங்களா? சொன்னா மருந்தை நிறுத்திப்போடுவீங்களே."

நர்ஸம்மா கோபப்படவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தோணும்னு இல்லீங்க, அளவைக் கொறைப்போம். நீங்க சொன்னாத்தானே அடுத்து வர்ற பொம்பளைங்களுக்கு எவ்வளவு தாங்கும்னு எங்களுக்குத் தெரியும்," என்றார். அக்கா இது தன்னோடு முடிகிற காரியம் என்றே அதுவரை நினைத்திருந்தாள்.

மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்கத்தான் அன்றைக்குக் கோயிலுக்குப் போனோம். நீ பிரித்தாய், வெள்ளை. அதன்பின் நாக்கு கசப்பதிலிருந்து நகம் கறுப்பது வரை எல்லாவற்றையும் சொன்னாள். "இப்ப பேச்சை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேங்கறீங்களேக்கா," என்று நர்ஸம்மாவே சிரித்தார். ஆனால் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. முன்னமே சொல்லியிருந்தால் விரல்களாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டரம்மா. உயிரைப் பற்றி அவர் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கடைசி நாட்களில் உங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். பிறகு என்னைப் பார்த்து, "மெத்துனு இருக்குதா சாமி?" என்று கேட்பாள்.

அந்த ஆராய்ச்சியில் எந்த மருந்து மேல் என்று வந்ததோ, எனக்குத் தெரியாது. அவள் முதலில் சொன்ன "நல்லாருக்கறனுங்க" எல்லாமும் அந்தக் கணக்கில் ஏறியிருக்குமோ என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

போன வாரம், பாப்பா, நீ சுருண்டு படுத்திருந்தாய். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்கப்பா, நல்லாத்தான் இருக்கறேன்," என்றாய். நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. என் விரலுக்கு அது தெரிந்தது. உன் அத்தை நீட்டிய பொட்டலம் நினைவுக்கு வந்து, கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.