நடுவில் நின்ற கோடு

என் அண்ணியை ஆய்வகத்தில் ‘நெருப்பக்கா’ என்பார்கள். கோபக்காரி என்று நினைக்க வேண்டாம். கையில் எப்போதும் கேஸ் பர்னர் இருக்கும், அவ்வளவுதான். நான் அங்கே குழாய் கழுவுகிறவள்.

பாஸ்பரஸ் கலந்த மருந்தை மெல்லிய குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காமாக் கதிர் படச் செய்வார்கள். மூலக்கூறு உடைந்து, ஜோடி இழந்த எலக்ட்ரான் தனியே நிற்கும். அப்படி உடைந்த துண்டுக்குப் பெயர் ரேடிக்கல். பெரிய காந்தத்தின் நடுவே குழாயை வைத்தால் கருவியின் பேனா அந்த எலக்ட்ரானுக்காகத் தாளில் கோடு போடும். பாஸ்பரஸை ஒட்டி நின்றால் வெகுதூரம் விலகிய இரண்டு கோடுகள்.

கதிர் பட்டால் குழாயும் சும்மா இருக்காது. ஊதா நிறம் ஏறி, நடுவில் தன் பங்குக்கு ஒரு கோடு போடும். அதனால் மருந்துள்ள முனை நைட்ரஜனில் அமிழ்ந்திருக்க, வெற்று முனையை நிறம் போகும்வரை நெருப்பில் காட்டுவார் அண்ணி; நிறத்தோடு அந்தக் கோடும் போய்விடும். அதைக் குளிரவைத்து, தலைகீழாகத் தட்டி மருந்தை அந்த முனைக்கு இறக்குவார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு குழாயிலும் மருந்து உருகியதில்லை.

மகனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது ஆய்வகத்தை நடத்தும் எங்கள் டாக்டர் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“மூணாவது கோடும்மா! புது ரேடிக்கல்! மத்தியானம் கட்டுரையை அனுப்பறேன்.”

அண்ணி தாளைப் பார்த்தார். “குழாயை யார் சார் சுட்டது?”

“நான்தான். கொஞ்சம் காட்டினேன்.”

“கொஞ்சம்னா? சிகரெட் பத்தவைக்கிற அளவுக்கா?”

சாரின் முகம் சுருங்கிவிட்டது. “எனக்கே பாடமா?”

“பாடம் உங்களோடது சார், குழாய் என்னோடது. இப்படியே அனுப்பினா நாளைக்கு உங்க பேருதான் கெடும். அரைமணி நேரம் குடுங்க.” என் பக்கம் திரும்பி, “நீ ஏன்டி மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறே? நைட்ரஜனை ஊத்து” என்றார்.

அதே குழாய்தான். நிறம் முழுதாகப் போகும்வரை சுட்டு, குளிரவைத்து, தட்டி, காந்தத்துக்குள் இறக்கினார். பேனா நகர்ந்தது. முதல் கோடு வந்தது. நடுவில் பேனா அசையவே இல்லை. பிறகு இரண்டாவது கோடு.

சார் நாற்காலியில் சரிந்தார்.

“இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் வந்ததில்ல சார். இந்த ரெண்டையே எழுதுங்க” என்றார் அண்ணி.

சார் கட்டுரையை எடுத்து, ‘புது ரேடிக்கல்’ என்ற தலைப்பைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். “அடுத்த தடவை லீவு போட்டா என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. இங்க தனியா விட்டா ஆபத்து.”