நூற்றொரு தேங்காயும் ஒரு முழங்கையும்

எங்கள் உடற்கல்வி ஆசிரியர் குற்றாலலிங்கம் சார் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்காகக் கல்லூரி வெளியிடும் மலரில் மலையாளக் கட்டுரைகளுக்கு நடுவே தமிழுக்கும் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'நம் பேஸ்பால் அணியின் மறக்க முடியாத ஆட்டக்காரர்' என்று தலைப்பையும் கொடுத்து, 1997-இல் கோப்பை வாங்கிய அணியின் கேப்டன் என்பதால் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சுமந்த் எழுதினால் தன்னைப் பற்றியே எழுதிக்கொள்வான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நான் எழுதப் போவது வீரபாண்டியைப் பற்றி. சார், அந்தப் பெயரைப் பார்த்ததும் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். தயவுசெய்து புரட்டாதீர்கள்.

வீரபாண்டி பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் தேங்காய்க் கடையில் நிற்பவன். அன்றும் நின்றான், இன்றும் நிற்கிறான். அவன் அப்பா நாங்குநேரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்து, விழிஞ்ஞத்தில் சாந்து சட்டி சுமந்தவர். காலையில் கடை, பகலில் பி.ஏ. வகுப்பு, சாயங்காலம் மறுபடியும் கடை என்று ஓடிக்கொண்டிருந்தான் அவன்.

பழவங்காடியில் வேண்டுதல் என்றாலே தேங்காய்தான். பரீட்சையில் தேறினால் பதினொன்று, வளைகுடாவுக்கு விசா வந்தால் ஐம்பத்தொன்று, கேஸ் ஜெயித்தால் நூற்றொன்று. வேண்டிக்கொள்ள வாய் போதும், உடைக்கத் தோள் வேண்டும். தோளில் வலுவில்லாதவர்கள் ஒவ்வொரு காயையும் தொட்டுக் கும்பிட்டு வீரபாண்டி கையில் கொடுப்பார்கள். அவன் பத்தடி தள்ளி நின்று கல்லில் எறிவான். எத்தனை காய் எறிந்தாலும் கல்லில் அதே இடத்தில்தான் படும். குற்றாலலிங்கம் சார் தன் புது ஸ்கூட்டருக்கு ஒரு காய் உடைக்கப் போனவர், ஸ்கூட்டரை மறந்து முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டாராம். விசாரித்தால், எறிகிறவன் நம் கல்லூரியிலேயே முதல் வருஷம். மறுநாளே மைதானத்துக்கு இழுத்து வந்துவிட்டார்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்தை எறிபவன் பிட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருந்து அதைப் பிடிப்பவன் கேட்சர், அது நான். பிட்சரின் கை ஓர் அளவுக்கு மேல் தாங்காது. அதனால் நல்ல அணிகள் நாலைந்து பிட்சர்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி இறக்கும். எங்களிடம் இருந்தது ஒன்றரை. வீரபாண்டி ஒன்று. வாலிபால் அணியிலிருந்து கெஞ்சிக் கூட்டிவந்த பிரஜின் அரை. பிரஜின் எறிந்தால் பந்து எங்கே போகும் என்று பிரஜினுக்கே தெரியாது. மூன்றாவது பிட்சர் யார் என்று எதிரணியினர் கேட்டால், பழவங்காடிப் பிள்ளையார் என்று சொல்லிச் சிரிப்போம்.

இந்த ஒன்றரை ஆளை வைத்துக்கொண்டு அந்த வருஷம் லீக் ஆட்டங்களைத் தாண்டிக் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக ஒட்டிக்கொண்டோம். செவ்வாய் அரையிறுதி, வியாழன் இறுதி. இறுதிப் போட்டிக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள். அந்த அணியில் இடம் கிடைத்தால், பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வழி உண்டு. எனக்கு அது கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான். வீரபாண்டிக்கு அந்தக் கடையை விட்டு வெளியே வர வேறு கதவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவன் எண்பத்திரண்டு எறி எறிந்து எங்களை இறுதிக்குக் கொண்டுபோனான். ஆட்டம் முடிந்ததும் சார் அவன் கையில் ஐஸ் கட்டிக்கொண்டே எச்சரித்தார்.

"ஏலே, நாளைக்கு முழுக்கக் கை சும்மா கெடக்கணும். மாங்காய் மேலகூட கல்லெறியப்பிடாது. கடைக்கும் லீவு சொல்லிடு, கேட்டியா?"

"சொல்லியாச்சு சார்" என்றான் வீரபாண்டி.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார் சார். "அவன் முழங்கையப் பாத்துக்கோ. தோளுக்குக் கீழ எறங்குச்சின்னா கை தீந்துட்டுன்னு அர்த்தம். முகமூடிய ரெண்டு தட்டு தட்டு, நான் ஆள மாத்திடுதேன். எனக்கு அங்கேயிருந்து தெரியாது, ஒனக்குத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். அம்மா பெயர் வாலாம்பாள். பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் இறுதிக்குப் போனால் நூற்றொரு தேங்காய் என்று பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"நாளைக்கே ஒடைச்சுடணும்டா. அவருக்குச் சொன்னதை வச்சுண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகப்படாது. உன் கையாலயே ஒடை."

நூற்றொரு தேங்காய் எறிந்தால் என் தோள் என்ன ஆகும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. வியாழக்கிழமை ஆள் எடுக்க வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறவர்கள் என் எறியையும் பார்ப்பார்களே! "விரல் சுளுக்கிண்டிருக்கும்மா" என்றேன். சுளுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுவிரலை மடக்கி அவளிடம் காட்டி முகத்தைக்கூடச் சுளித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நடிப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"அப்போ வீரபாண்டியைக் கூப்பிடேன். அவனுக்கு இது தினப்படி வேலைதானே" என்றாள் அம்மா. அவளுக்கு என்ன தெரியும்? சார் சொன்னது எனக்கல்லவா தெரியும்.

புதன்கிழமை காலை அவனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

"சார் எறியக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்லா, சாமி?" அக்கிரகாரத்துப் பிள்ளை என்பதால் அவன் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"மெல்ல எறி. பாதி எறி, மீதியை நான் பார்த்துக்கறேன்."

"பாதியா? பிள்ளையாருக்குப் பாதி வேண்டுதலா?" சிரித்தான். "அம்மை சொன்னா நான் தட்ட முடியுமா? எத்தன நாள் சோறு போட்ட கை. குழப்பமில்ல, ஒண்ணும் ஆகாது, வா."

கோயிலுக்கு வந்ததும் அவன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். நான் கூடைப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மெல்ல எறிய அவனுக்கு வராது. மெல்ல எறிந்தால் காய் சிதறாது, சிதறாவிட்டால் வேண்டுதல் நிறைவேறாது என்பது அவன் நம்பிக்கை. ஐம்பது ஆனதும் நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறுபத்து மூன்றாவது காயில் அவன் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கியது. நான் பார்த்தேன். இரண்டு வருஷமாக அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் குந்தியிருந்தவன் நான், எனக்குத் தெரியாமல் போகுமா? அறுபத்து நான்காவது காயை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு முப்பத்தேழு காய்களும் என் கையிலிருந்துதான் அவன் கைக்குப் போயின.

வியாழக்கிழமை ஆட்டத்தின் ஒன்பது சுற்றில், அதாவது இன்னிங்ஸில், முதல் மூன்றும் அவன் பழையபடி எறிந்தான். எனக்கே நெஞ்சு லேசானது. நான்காவது இன்னிங்ஸில் முழங்கை இறங்கியது. முகமூடியைத் தட்டக் கையைத் தூக்கினேன், தட்டாமல் இறக்கிவிட்டேன். பிரஜின் வந்தால் ஆட்டத்தைக் கொடுத்துவிடுவான், கோப்பை போய்விடும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. முப்பது எறிக்குள் அந்தக் கை ஏன் சோர்ந்தது என்று சார் கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். மீதி உண்மை அது.

வீரபாண்டி ஒவ்வொரு எறிக்கு முன்னும் என்னையே பார்த்தான். எந்தப் பந்து எறிவது என்று கேட்சர்தான் விரலால் காட்டுவான்; நான் வளைவுப் பந்து கேட்டேன். அதுதான் முழங்கையை அதிகம் முறுக்குகிற பந்து. கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பந்து என் தலைக்கு மேலே எங்கேயோ பறந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன் மண்ணில் மண்டியிட்டு, வலது முழங்கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிரஜின் வந்தான். அன்றைக்கென்று அவன் பந்தெல்லாம் நேராக வந்தது. ஆறுக்கு ஐந்து என்று ஜெயித்தோம். முதலிலேயே முகமூடியைத் தட்டியிருந்தால் கோப்பையும் இருந்திருக்கும், கையும் இருந்திருக்கும். எங்களிடம் இரண்டு பிட்சர்கள் இருந்திருக்கிறார்கள். ஒன்றரை என்று கணக்குப் போட்டவன் நான்தான்.

ஆட்டம் முடிந்து சார் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டார். "நேத்து எங்கயாவது எறிஞ்சியாலே?"

வீரபாண்டி என்னைப் பார்த்தான். நான் குனிந்து கால் காப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அவிழ்ந்திருந்த வாரை.

"கடைக்குப் போயிருந்தேன் சார். கூட்டமா இருக்குன்னு மொதலாளி கூப்பிட்டாரு" என்றான்.

"ஒரு நாள் கூலிக்காகவா? நீ கடைசி வரைக்கும் தேங்காக்காரனாவே இரு" என்று சொல்லிவிட்டுச் சார் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அவர் அவனிடம் பேசியதே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பல்கலைக்கழக அணிப் பட்டியலில் என் பெயர் வந்தது. இரண்டு வருஷம் கழித்து வேலை வந்தது. நான் இன்றும் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதுதான்.

வீரபாண்டியின் முழங்கை மருத்துவக் கல்லூரியில் கட்டுப்போட்டும் முழுக்க நீளவில்லை. எண்ணெய் தேய்க்கலாம், சாப்பிடலாம், எறிய முடியாது. படிப்பை முடித்தான். எழுதிய தேர்வுகளில் எதிலும் வேலை கிட்டவில்லை. கடையிலேயே தங்கி, இடது கையால் எறியப் பழகிக்கொண்டான். கல்லில் அதே இடத்தில் பட இரண்டு வருஷம் பிடித்ததாம். அதை அவன் பெருமையாகச் சொன்னபோது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆகி இரண்டு பெண் குழந்தைகள். வழியில் கண்டால், "சாமி, சுகமல்லே?" என்று சிரிப்பான். ஒரு நாள்கூட, ஒரு சொல்கூட, அதைப் பற்றி எடுத்ததில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதில் என் அம்மா வேறு. அந்தக் கோப்பை வந்த நாளிலிருந்து, வீரபாண்டியின் கை ராசியான கை என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு வேலை கிடைத்ததற்கு நூற்றொன்று, என் கல்யாணத்துக்கு நூற்றொன்று, மகள் ஸ்ரீலக்ஷ்மி பிறந்ததற்கு நூற்றொன்று, எல்லாம் அவன் இடது கையால் உடைந்தவை. என் வேலைக்கான தேங்காயை அவனை வைத்து உடைத்தேன் என்பதை நினைத்துப் பாருங்கள். சார் வருஷாவருஷம் புதிய அணியிடம், ஒரு நாள் கூலிக்காகக் கையைக் கெடுத்துக்கொண்ட ஒருவன் கதையைச் சொல்வார். நான்கு வருஷத்துக்கு முன்னால் தொடக்க விழாவுக்கு என்னை விருந்தினராக அழைத்திருந்தார். மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டு, கைதட்டிவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தேன்.

சென்ற மாதம் ஸ்ரீலக்ஷ்மிக்கு டைபாய்டு வந்து குணமாயிற்று. வழக்கம் போல நூற்றொன்று. "வீரபாண்டி கையால ஒடைச்சுட்டு வா" என்று அனுப்பினாள் அம்மா. கடைக்குப் போனேன். அவன் எழுந்து சட்டையைக் கழற்றப் போனான். நான் முந்திக்கொண்டு என் சட்டையைக் கழற்றினேன்.

"என்ன சாமி, விரல் சுளுக்கு சரியாயிட்டா?" என்றான்.

அவனிடம் நான் விரலைப் பற்றிச் சொன்னதே இல்லை. அம்மா சொல்லியிருக்க வேண்டும், என்றோ ஒரு நாள். தேங்காய் உடைத்த மறுநாளே மைதானத்தில் எந்தச் சுளுக்கும் இல்லாமல் நான் பந்தைப் பிடித்து எறிந்ததைப் பார்த்தவன் அவன்.

நான் எறியத் தொடங்கினேன். அவன் கூடைப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது எண்ணினான். முப்பதில் தோள் எரிந்தது. நாற்பதில் மூச்சு இரைத்தது. நாற்பத்தாறாவது காயை எறிந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"மதி, சாமி, போதும். முழங்கை எறங்கியாச்சு. நிறுத்து."

பதினோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நானும் பார்த்தேண்டா. அறுபத்து மூணுலயே பார்த்தேன்."

"தெரியும்" என்றான் அவன், தேங்காய் நாரைக் கையிலிருந்து தட்டிவிட்டபடி. "நீ போதும்னு சொல்லுவேன்னு ஒன்னப் பாத்துக்கிட்டேதானே எறிஞ்சேன்."

பிறகு இடது கையை ஊன்றி எழுந்து, மீதியைத் தான் எறிவதாகச் சொன்னான். நாளைக்குக் கையைத் தூக்க முடியாது, ஆபீஸில் கையெழுத்துக்கூடப் போட முடியாது என்றான்.

"நாளைக்கு எனக்கு மேட்ச் இல்லடா" என்றேன். "காயை எடு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். திரும்ப உட்கார்ந்து, அடுத்த காயை எடுத்து என்னிடம் நீட்டி, "நாப்பத்தேழு" என்றான்.