தூங்கினவனை இறக்கிவிட்ட ஹெல்ப்

இன்று காலை மனைவியின் தோசைக்கல்லைச் சோப்புப் பவுடர் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன்.

முதல் தோசை கல்லை விட்டு வரவே இல்லை. இரண்டாவதும் அப்படியே.

"இன்னாங்க, ஹெல்ப்பு பண்ணிட்டீங்களா?" என்றாள்.

எங்கள் வீட்டில் நல்லது செய்தால் உதவி. நல்லது செய்யப் போய்க் கெடுத்து வைத்தால் அதற்குப் பெயர் ஹெல்ப். (அகராதியில் தேடாதீர்கள், கிடைக்காது!)

எழுபதுகளின் கடைசியில் வந்த வழக்கம் இது. அப்போது பொன்னேரியில் இருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

கடைசிப் பெட்டி முழுக்க எங்கள் கம்பெனி ஆட்கள்தான். யாராவது தூங்கிவிட்டால், கும்மிடிப்பூண்டி வந்ததும் மற்றவர்கள் இறக்கிவிட வேண்டும். ஷிப்ட் தவறக் கூடாதே!

ஒருநாள் லீவு போட்டு, அதே ரயிலில் கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திராவில் இருக்கும் சூலூர்பேட்டைக்குப் பெண் பார்க்கக் கிளம்பினேன். அம்மாவும் அப்பாவும் முன் பெட்டியில் ஏறினார்கள். நான் பழக்க தோஷத்தில் கடைசிப் பெட்டிக்குப் போய்விட்டேன்.

முந்தின வாரம் முழுக்க நைட் ஷிப்ட் பார்த்த அசதி, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். (பெண் பார்க்கப் போவதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை.)

கண் விழித்தால் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறேன். ரயில் போய்க்கொண்டிருக்கிறது.

"வேலைக்கு வராம எங்கடா தூங்கிக்கினே போற?" என்றார் தேவராஜ் அண்ணன். என்னைத் தூக்கி இறக்கியவர் அவர்தான்.

"பொண்ணு பாக்கப் போறேண்ணா."

பாவம், அவர் முகம் செத்துப்போனது. ஷிப்ட்டை மறந்து என்னை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். பழைய இரும்பை இறக்கிவிட்டு ஆந்திரா திரும்பிய லாரியை மறித்து என்னை ஏற்றி, தானும் ஏறினார்.

போய்ச் சேர்ந்தபோது என் வெள்ளைச் சட்டை முழுக்கத் துரு. மாப்பிள்ளையே வராத இடத்தில் பெண் கொடுக்க மாட்டேன் என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டிருந்தார். இந்த இடமும் போச்சே என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தேவராஜ் அண்ணன் கையைக் கூப்பினார். "பையன் மேல தப்பு இல்ல நைனா. நாங்கதான் தூங்கினவன எறக்கி உட்டு ஹெல்ப்பு பண்ணிட்டோம்."

உள்ளறையில் இருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. சிரித்தது பெண்! அதைக் கேட்டு அவள் அப்பாவும் சிரித்துவிட்டார். கல்யாணம் முடிவானது.

இன்று ஒட்டின தோசையைச் சுரண்டித் தின்றபடி, அன்று தேவராஜ் அண்ணன் ரயிலில் இருந்து இறக்கிவிட்டாரே, அதைவிடப் பெரிய ஹெல்ப் உண்டா என்று கேட்டேன்.

அவள் தோசைக்கரண்டியை நீட்டிச் சொன்னாள்:

"அது உங்களுக்குப் பண்ணது. லாரில ஏத்திக்கினு வந்து எங்க ஊட்டு வாசல்ல உட்டாரே, அது எனக்குப் பண்ண ஹெல்ப்பு!"